காலுக்குச் சக்கரம் ரெடி... தலைக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. ஹாஸ்டல் பார்ட்டி என்றால் போர்வைக்குள்ளே இருப்பீங்க. வீட்டிலிருந்து காலேஜ் போற ஆள் என்றால், உங்க தூக்கம் அவ்வளவுதான். "டேய், பாப்பாவை ஸ்கேட்டிங் கிளாஸ்ல விட்டுட்டு வந்துடுடா!" சமையல்கட்டிலிருந்து அம்மா குரல்.

கண்ணைக் கசக்கிக்கிட்டே வண்டியை எடுக்கறீங்க. ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்துத் தெருவிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொடறதுக்கு முன்னாடி ஹெல்மெட் தலையில ஏறிடுது. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு தாண்டி, வண்டலூர் பக்கம் போலீஸ் நின்னா? ரிஸ்க் எடுக்க முடியுமா! சரி, பின்னாடி உட்கார்ந்திருக்கற எட்டு வயசுத் தங்கச்சி? தோளில் ஸ்கேட்ஸ் பை. முழங்காலுக்கு பேட், முழங்கைக்கு பேட், எல்லாம் பக்கா. தலையில மட்டும் இரட்டைப் பின்னலும் ரிப்பனும்!

கிளாஸ் நடக்கறது புதுசா மனை போட்ட ஒரு லே-அவுட்டில். இன்னும் வீடு வரலை, தார் ரோடு மட்டும் வழவழன்னு இருக்கு. மாஸ்டர் விசில் அடிக்கறார். பதினைஞ்சு குழந்தைங்க வரிசையா சக்கரத்தில் பறக்குதுங்க. பார்க்க அவ்வளவு அழகு. இப்ப ஒரு சின்ன வேலை செய்ங்க பாஸ். அந்தப் பதினைஞ்சு தலையில எத்தனை தலைக்கு ஹெல்மெட் இருக்கு? எண்ணுங்க. இருக்கறதுல எத்தனைக்கு நாடா மாட்டியிருக்கு? அதையும் எண்ணுங்க. எத்தனை வந்துச்சுன்னு மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க.

சட்டம் எஞ்சினைத்தான் பார்க்குது!

முதல்ல வண்டியில போன கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு 2019-ல் திருத்தப்பட்டது. அதன்படி நாலு வயசுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும், ஓட்டறவங்களோ பின்னாடி உட்கார்றவங்களோ, மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போட்டே ஆகணும். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு. அதாவது உங்க எட்டு வயசுத் தங்கச்சி வெறும் தலையோட வண்டியில வந்ததே சட்டப்படி தப்பு. ஆயிரம் ரூபாய் அபராதம் மட்டுமில்லை, மூணு மாசம் லைசென்ஸுக்கும் ஆப்பு வைக்க சட்டத்தில் இடம் இருக்கு.

நாலு வயசுக்குக் கீழே உள்ள வாண்டுகளுக்கு? அதுக்கும் 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி போட்டுச்சு. 2023 பிப்ரவரி 15 முதல் அமல். ஒன்பது மாசம் முதல் நாலு வயசு வரை உள்ள குழந்தையை வண்டியில கூட்டிட்டுப் போனா, குழந்தையை ஓட்டறவரோட சேர்த்துக் கட்டற பெல்ட் வேணும். குழந்தைக்குப் பொருந்தற சொந்த ஹெல்மெட் வேணும். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு ஹெல்மெட் பஞ்சாயத்து புதுசு இல்லை. 2007 ஜூன் 1 முதல் கட்டாயம்னு சொன்னாங்க. கொஞ்ச நாள்லயே கெடுபிடி தளர்ந்துபோச்சு. அப்புறம் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாச் சொல்ல, ஜூலை 1 முதல் மறுபடியும் கட்டாயம். ஹெல்மெட் கடை வாசல்ல ரேஷன் கடை மாதிரி கியூ நின்னதை உங்க அண்ணன், அக்காவைக் கேட்டா கதை கதையாச் சொல்வாங்க.

இவ்வளவு சட்டத்துலயும் ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? எல்லாமே வண்டியில இருக்கற வரைக்கும்தான். தங்கச்சி வண்டியிலிருந்து இறங்கி, காலில் எட்டுச் சக்கரத்தை மாட்டிக்கிட்ட அடுத்த விநாடி, மோட்டார் வாகனச் சட்டம் 'டாட்டா' காட்டிட்டுப் போயிடுது. ஏன்னா ஸ்கேட்ஸில் மோட்டார் இல்லையே! தலை அதே தலை. ரோடு அதே ரோடு. எஞ்சின் இல்லைங்கறதால ஹெல்மெட்டும் வேணாம்னு ஆகிடுமா?

வேற ஊர்ல எப்படி? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 18 வயசுக்குக் கீழே இருக்கறவங்க சைக்கிள் ஓட்ட ஹெல்மெட் கட்டாயம்னு முதல்ல இருந்துச்சு. 2003 ஜனவரி 1 முதல் ஸ்கேட்ஸ், ஸ்கேட்போர்டு, கால்ல தள்ளற ஸ்கூட்டர் எல்லாத்தையும் அந்தப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. நியூயார்க்கில் 14 வயசுக்குக் கீழே ஸ்கேட்ஸ் போட்டா ஹெல்மெட்டும் போடணும். அங்கே சட்டம் எஞ்சினை விட்டுட்டுக் குழந்தையைப் பார்க்குது.

ஒளிஞ்சிருக்கற நம்பர்

நம்ம விதிக்குள்ளேயும் ஒரு சுவாரஸ்யம் ஒளிஞ்சிருக்கு. அந்த 2022 விதியில், குட்டிக் குழந்தைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குப் பதிலா சைக்கிள் ஹெல்மெட்டும் போடலாம்னு சொல்லியிருக்காங்க. ஆனா எந்த சைக்கிள் ஹெல்மெட்? நம்ம ஊர் தர நிர்ணயம் வர்ற வரைக்கும் ஏ.எஸ்.டி.எம். 1447, ஈ.என். 1080, ஈ.என். 1078 என்று மூணு வெளிநாட்டுத் தரங்களைக் குறிச்சிருக்காங்க.

இந்த ஈ.என். 1078 என்கிற ஐரோப்பியத் தரத்தோட முழுப் பேரைக் கேளுங்க: 'சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும், ஸ்கேட்போர்டு மற்றும் ரோலர் ஸ்கேட்ஸ் பயன்படுத்துறவங்களுக்குமான ஹெல்மெட்'. அமெரிக்காவின் 1447? அதுவும் 'பொழுதுபோக்கு சைக்கிள் அல்லது ரோலர் ஸ்கேட்டிங் ஹெல்மெட்'தான். ஆக, ஸ்கேட்டிங் குழந்தைக்கு என்ன ஹெல்மெட் வாங்கணும் என்கிற பதில் நம்ம அரசிதழ்லயே அச்சாகி இருக்கு. ஸ்கேட்டிங் கிளாஸ்ல போடணும்னு சொல்ற வரிதான் இல்லை.

நின்னபடியே விழுந்தா 18 கிலோமீட்டர்!

"குட்டிப் பொண்ணுங்க... மெதுவாத்தானே போகுது. இதுக்குப் போய் ஹெல்மெட்டா?" இது எல்லா வீட்டிலும் வர்ற டயலாக். பிளஸ் டூ பிசிக்ஸை ஒரு நிமிஷம் தூசி தட்டுவோம். பயப்படாதீங்க, ஒரே ஒரு ஃபார்முலாதான்.

உங்க தங்கச்சி உயரம் ஒண்ணேகால் மீட்டர்னு வைங்க. ஸ்கேட்ஸ் போட்டதும் இன்னும் கொஞ்சம் உயரம். அந்த உயரத்திலிருந்து ஒரு பொருள் கீழே விழுந்தா தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 5 மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர்! இது அவ ஓடற வேகம் இல்லை. சும்மா ஒரே இடத்துல நின்னுட்டு இருக்கும்போது சக்கரம் முன்னாடி வழுக்கி, அப்படியே மல்லாக்க விழுந்தா பின்மண்டை தார் ரோட்டைச் சந்திக்கக்கூடிய வேகம். ஸ்கேட்டிங் கத்துக்கற குழந்தைங்க நிறைய தடவை விழறதும் இப்படித்தான். முன்னாடி விழுந்தா கை ஊணிக்கும். பின்னாடி விழுந்தா கை போய்ச் சேர்றதுக்குள்ள மண்டை போயிடும்.

ஹெல்மெட் என்ன பண்ணும்? மேலே இருக்கற பிளாஸ்டிக் ஓடு வெறும் சட்டை மாதிரி. உள்ளே இருக்கற தெர்மாகோல்தான் ஹீரோ. வெறும் மண்டை தார் ரோட்டில் மோதினா சில மில்லிமீட்டருக்குள்ள சடக்னு நின்னாகணும். நடுவில் தெர்மாகோல் இருந்தா அது நசுங்கி, தலை நிக்கறதுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் இடம் கொடுக்குது. நிக்கற தூரம் பத்து மடங்கு கூடினா, தலைமேல விழற சராசரி விசை பத்தில் ஒரு பங்காக் குறையும். அவ்வளவுதான் மேட்டர். ஈ.என். 1078 சோதனையில் ஹெல்மெட்டைச் சுமார் ஒண்ணரை மீட்டர் உயரத்திலிருந்து விழ வச்சு, உள்ளே இருக்கற பொம்மைத் தலை எவ்வளவு அதிருதுன்னு அளக்கறாங்க. கிட்டத்தட்ட உங்க தங்கச்சி விழற அதே உயரம்!

ஒரு உண்மையையும் சொல்லிடணும். ஹெல்மெட் மந்திரக் கிரீடம் இல்லை. மூளைக் குலுக்கலை முழுசாத் தடுத்துடும்னு யாரும் கியாரண்டி தர முடியாது. ஸ்கேட்டிங்கில் அதிகம் அடிபடறதும் தலை இல்லை, மணிக்கட்டுதான். 1996-ல் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வுப்படி, ரிஸ்ட் கார்டு போடாதவங்களுக்கு மணிக்கட்டில் அடிபடற வாய்ப்பு பத்து மடங்கு அதிகம். அதே ஆய்வில் தலையில் அடிபட்டவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். அதனால ஹெல்மெட்டைப் பத்தி அவங்களால ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியலை.

அப்புறம் ஏன் இவ்வளவு அலம்பல்னு கேக்கறீங்களா? மணிக்கட்டு உடைஞ்சா மாவுக்கட்டு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அதுல கையெழுத்துப் போடுவாங்க, சில வாரத்துல சரியாகிடும். மண்டைக்கு அப்படி ஒரு மாவுக்கட்டு இல்லையே! சைக்கிள் விபத்துகளை வச்சு நடந்த நாற்பது ஆய்வுகளை 2016-ல் ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. காயம்பட்டவங்களில் ஹெல்மெட் போட்டிருந்தவங்களுக்குத் தலையில் கடுமையா அடிபடற வாய்ப்பு 69 சதவீதம் குறைவா இருந்துச்சு. அதே வகை ஹெல்மெட்டைத்தான் நாம ஸ்கேட்டிங்குக்கும் போடச் சொல்றோம்.

சாம்பியன் தலையைப் பாருங்க

"ஹெல்மெட் எல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு" என்று பசங்க யாராவது சீன் போட்டா, அவங்களுக்கு ஒரு பேரைச் சொல்லுங்க: ஆனந்த்குமார் வேல்குமார். நம்ம தமிழ்நாட்டுக்காரர். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் ஆயிரம் மீட்டரை 1 நிமிடம் 24.9 விநாடியில் முடிச்சுத் தங்கம் வாங்கினார். சீனியர் பிரிவில் உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர். கணக்குப் போட்டா சராசரியா மணிக்கு 42 கிலோமீட்டர்! குட்டிக் குழந்தையை வச்சுக்கிட்டு மோட்டார் சைக்கிள் போகலாம்னு சட்டம் அனுமதிக்கற 40-ஐ விட அதிகம், வெறும் கால் பலத்துல.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் ரிலேயில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வாங்கினப்போ, அதுல ஆனந்த்குமாரும் உண்டு, நம்ம ஆரத்தி கஸ்தூரி ராஜும் உண்டு. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்க. ஓடறப்ப எல்லார் தலையிலும் ஹெல்மெட். சர்வதேச ஸ்பீடு ஸ்கேட்டிங் விதிப்படி ஹெல்மெட் இல்லாம டிராக்கில் இறங்கவே முடியாது. இத்தனை வருஷம் பழகின காலுக்கே ஹெல்மெட் கட்டாயம். போன வாரம் கிளாஸ் சேர்ந்த வாண்டுக்கு வேணாமா?

கொண்டை, பேன், வேர்வை!

சரி, வாங்கியாச்சு. போட மாட்டேங்கறாளே? "அண்ணா, கொண்டை இடிக்குதுண்ணா!" நியாயமான புகார்தான். உச்சியில் கொண்டை, பெரிய கிளிப், பூச்சரம் எல்லாம் இருந்தா ஹெல்மெட் மேலே தூக்கிக்கும், நெத்தி வெளியே தெரியும். கிளாஸ் அன்னிக்குக் கழுத்துக்கிட்ட தாழ்வா ஒத்தைப் பின்னல் போடச் சொல்லுங்க. கிளிப் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்தது அம்மாவோட புகார். "கிளாஸ்ல குடுக்கற ஹெல்மெட்டைப் போட்டா பேன் ஒட்டிக்கும்டா!" அம்மா சொன்னா கரெக்டாத்தான் இருக்கும். பத்துத் தலை மாறின ஹெல்மெட் வேணாம். அதனால ஹெல்மெட்டே வேணாம்னு இல்லை, சொந்தமா ஒண்ணு வேணும்னு அர்த்தம்.

மூணாவது, வேர்வை. நம்ம மே மாசத்தில் யாருக்குத்தான் வேர்க்கலை? உங்க பைக் ஹெல்மெட்டை அவ தலையில கவுத்தா கனம் தாங்காது, காதும் கேக்காது, தொளதொளன்னு ஆடும். அதைச் செய்யவே வேணாம். சைக்கிள், ஸ்கேட்டிங் ஹெல்மெட்டில் காத்துப் போக ஓட்டை இருக்கும், கனமும் கம்மி.

வாங்கும்போது...

ஸ்கேட்ஸ், பேட், ஹெல்மெட் எல்லாம் ஒரே பையில் போட்டு 'செட்'டா விக்கறாங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பாருங்க. வெறும் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தா அது ஹெல்மெட் இல்லை, தொப்பி. கெட்டியான தெர்மாகோல் இருக்கணும். உள் ஸ்டிக்கரில் மேலே சொன்ன 1078 அல்லது 1447 இருக்கான்னு தேடுங்க. சி.பி.எஸ்.சி. என்கிற அமெரிக்க சைக்கிள் ஹெல்மெட் தரம் இருந்தாலும் ஓகே. ஸ்கேட்போர்டு, சாகச ஸ்கேட்டிங் என்று அடிக்கடி விழற ஆட்டம்னா, ஏ.எஸ்.டி.எம். 1492 என்று தனித் தரம் இருக்கு. அது பல தடவை அடி தாங்கறதுக்குன்னே வந்தது.

இப்ப முக்கியமான பாயின்ட். "வளர்ற புள்ள, கொஞ்சம் பெருசாவே வாங்கிடு!" யூனிஃபார்முக்கு இது சூப்பர் ஐடியா. மடிச்சுத் தைச்சு மூணு வருஷம் ஓட்டிடலாம். ஹெல்மெட்டை மடிச்சுத் தைக்க முடியாது! டேப் எடுத்துப் புருவத்துக்கு மேலே தலையைச் சுத்தி அளந்துக்கிட்டு, அந்த அளவுக்கு வாங்குங்க. போட்டதும் இதைச் செக் பண்ணுங்க:

* புருவத்துக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் நடுவில் ரெண்டு விரல் இடைவெளிதான் இருக்கணும். நெத்தி முழுசாத் தெரிஞ்சா தப்பு.

* ரெண்டு பக்க நாடாவும் காது மடலுக்குக் கீழே 'வி' மாதிரி சேரணும்.

* தாடைக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒண்ணு, ரெண்டு விரல் மட்டும் நுழையணும். வாயைப் பெருசாத் திறந்தா ஹெல்மெட் தலையை லேசா அழுத்தணும்.

* 'இல்லை, இல்லை'ன்னு தலையை ஆட்டச் சொல்லுங்க. தலையோட ஹெல்மெட்டும் சேர்ந்து ஆடணும். தலை மட்டும் தனியா ஆடினா, சைஸ் அவுட்!

ஒரு தடவை பலமா அடிபட்டா அந்த ஹெல்மெட்டுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துடுங்க. வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். நசுங்கினது மறுபடி உப்பாது. பல அடி தாங்கற 1492 ரகமா இருந்தாலும் விரிசல் தெரிஞ்சா மாத்திடுங்க.

கழட்டவும் தெரியணும்!

யாரும் சொல்லாத ஒண்ணு இது. கிளாஸ் முடிஞ்சதும் பக்கத்துப் பார்க்கில் சறுக்குமரம், கம்பி ஏணின்னு குழந்தைங்க ஓடுமே, அப்ப ஹெல்மெட் தலையில இருக்கவே கூடாது. உடம்பு நுழையற சந்தில் ஹெல்மெட் மாட்டிக்கிச்சுன்னா, நாடா கழுத்தை இறுக்கிடும். ஐரோப்பாவில் இப்படிக் குழந்தைங்க இறந்த பிறகுதான் ஈ.என். 1080 என்கிற தனித் தரமே வந்துச்சு. அந்த வகை ஹெல்மெட்டில் பலமா இழுத்தா தானாத் திறந்துக்கற பச்சை நிற பக்கிள் இருக்கும். ரொம்பக் குட்டிக் குழந்தைங்களுக்கானது. சாதாரண ஹெல்மெட்டில் அது கிடையாது. அதனால சக்கரம் இருக்கற வரைக்கும் ஹெல்மெட். சக்கரம் போனா ஹெல்மெட்டும் போகணும்.

விழுந்துட்டா? ஹெல்மெட் போட்டிருந்தாலும் அன்னிக்கு ஸ்கேட்டிங் கட். வாந்தி, விடாத தலைவலி, அளவுக்கு மீறின தூக்கம், சொன்னதையே திரும்பச் சொல்றது, நடையில் தள்ளாட்டம்... இதுல எது தெரிஞ்சாலும் "ஒண்ணுமில்லடா கண்ணு, தண்ணி குடி"ன்னு விட்டுடாதீங்க. நேரா ஆஸ்பத்திரி. மயக்கம், வலிப்பு என்றால் உடனே 108.

இந்த ரூல் யார் போடறது?

கிளாஸில் எண்ணின நம்பர் ஞாபகம் இருக்கா? அந்த நம்பரை மாத்த சட்டசபை கூடணும்னு அவசியமில்லை. யோசிச்சுப் பாருங்க. கொண்டு வந்து விடறது நீங்க. பல இடத்துல பாக்கெட் மணிக்காகக் கோச்சிங் கொடுக்கறதும் காலேஜ் பசங்கதான். அப்பார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் கிளாஸ் நடத்த அனுமதி கொடுக்கற அசோசியேஷனில் உங்க அப்பா இருக்கார். அந்த விசில் சத்தத்துக்குள்ள 'ஹெல்மெட் இல்லேன்னா ஸ்கேட்ஸ் இல்லை'ன்னு ஒரு வரி ரூல் போட உங்களால முடியும்.

மாஸ்டரிடம் தனியாப் போய்ச் சொல்லுங்க. "சார், அடுத்த வாரத்திலிருந்து எல்லாருக்கும் ஹெல்மெட்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்களேன்." பெரும்பாலும் அவரும் யாராவது கேட்கட்டும்னுதான் காத்திருப்பார். 'அந்த சார் ரொம்பக் கண்டிப்பு'ன்னு ஒரு அம்மா பேரு வச்சுடுவாங்களோன்னு அவருக்கும் பயம் இருக்குமே! கேட்கற முதல் ஆள் நீங்களா இருங்க.

வீட்டில் செய்ய ஒரு சின்ன விஷயமும் இருக்கு. போடற வரிசையை மாத்துங்க. நம்ம குழந்தைங்க முதல்ல ஸ்கேட்ஸை மாட்டி, ரெண்டு ரவுண்டு போய்ட்டு, அப்புறம்தான் ஹெல்மெட்டைத் தேடும். அதைத் தலைகீழாக்கணும். முதல்ல ஹெல்மெட், கடைசியில் ஸ்கேட்ஸ். கழட்டும்போது முதல்ல ஸ்கேட்ஸ், அப்புறம்தான் ஹெல்மெட். திண்ணையில் உட்கார்ந்து லேஸ் கட்டிட்டு எழுந்திருக்கற அந்த அரை நிமிஷத்துலயும் சக்கரம் வழுக்கும்.

அப்புறம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே பின்சீட்டுத் தலைக்கும் ஒரு ஹெல்மெட். நாலு வயசு தாண்டின தங்கச்சிக்கு வண்டியில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், கிளாஸில் ஸ்கேட்டிங் ஹெல்மெட்னு ரெண்டு ஆகும்தான். 'ரெண்டா? செலவாச்சே'ன்னு அப்பா முகத்தைச் சுளிச்சா, அவ காலில் மாட்டின ஸ்கேட்ஸ் எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க. காலுக்குச் செலவு பண்ணும்போது யாரும் கணக்குப் பார்க்கலையே!